உளுந்து கிடந்த ரோடு

திருப்புளி வழுக்கி மொக்கைச்சாமியின் இடது கட்டைவிரலைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்க்க நேரமில்லை. விரலைக் கால்சட்டையில் தேய்த்துவிட்டு, திருப்புளியை மறுபடியும் திருகாணியின் பள்ளத்தில் வைத்து அழுத்தினான்.

இன்னும் மூன்று சுற்று. கழன்றால் வண்டியின் பக்கவாட்டு மூடி கையோடு வந்துவிடும். உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் வரிசையாக பியூஸ்கள். அந்த வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கும். அதைக் காலியாக்கியவன் அவன்தான். சட்டைப் பையில் கிடக்கிற மஞ்சள் நிற பியூஸை அந்த இடத்தில் சொருகி, மூடியை மாட்டிவிட்டால் தீர்ந்தது.

திருகாணி மசியவில்லை. விழுந்த வேகத்தில் மூடி நெளிந்து அதைக் கவ்விக்கொண்டிருந்தது.

வாடிப்பட்டி போலீஸ் ஸ்டேஷனின் பின்புறம் அது. விபத்திலும் வழக்கிலும் பிடித்து வந்த வண்டிகள் வரிசையாக வெயிலில் வெந்துகொண்டிருந்தன. பங்குனி வெயில். மணி பத்தரைதான், ஆனால் பெட்ரோல் டேங்கின் மேல் கை வைக்க முடியவில்லை.

“என்னண்ணே, ஆச்சா?” முன்பக்கத்திலிருந்து ஏட்டு பால்பாண்டியின் குரல். பால்பாண்டியின் வண்டிக்கும் வைத்தியம் பார்ப்பவன் மொக்கைச்சாமிதான். அந்தப் பழக்கத்தில்தான் உள்ளே விட்டிருந்தார்.

“ஆர்.சி. புக்கு எங்கயோ உள்ள சொருகிக் கெடக்குப்பா. ஒரு நிமிசம்.”

“ஒரு நிமிசம் ஒரு நிமிசம்னு என் டீ ஆறிப்போச்சு. வெரசா வாங்கண்ணே. வண்டியச் சோதிக்க பிரேக் இன்ஸ்பெக்டரம்மா பதினொண்ணுக்கு வாரேன்னு சொல்லிருக்கு. அது வந்து ஒங்களப் பாத்துச்சு, என் தொப்பி பறந்துரும்.”

“இந்தா வந்துட்டேன்.”

வரவில்லை. இன்னும் இரண்டு சுற்று.

மூன்று நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, இந்த வண்டியில்தான் அவன் தங்கை முத்துமீனாவும் அவள் புருஷன் பீமாராவும் ஒரு வளைகாப்புக்குப் போனார்கள். வாடிப்பட்டியைத் தாண்டிக் கிராமத்துக்குள் திரும்பும் ஒற்றைச் சாலையில், தார் ரோட்டின் பாதியை மறைத்து உளுந்துச் செடி காயப்போட்டிருந்தது. அதில் ஏறிய வண்டி சரிந்து, ஓரத்தில் வரிசையாக வைத்திருந்த கல்லில் மோதியது. பீமாராவுக்கு வலது காறை எலும்பு முறிந்தது. முத்துமீனாவுக்குத் தலையில் அடி. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. குழாய்தான் அவளுக்காக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

“பிரேக் புடிச்சேன். நிக்கல. வழுக்கிருச்சு.” போலீஸ் கேட்டபோது பீமாராவ் சொன்னது இவ்வளவுதான். பக்கத்தில் நின்ற மொக்கைச்சாமிக்கு அந்த நிமிஷத்திலிருந்து சோறு இறங்கவில்லை.

காரணம் இருபது நாளைக்கு முந்திய ஒரு சாயங்காலம்.

மதுரை அவனியாபுரம் மெயின் ரோட்டில் ஒரு வேப்பமரத்துக்குக் கீழே மொக்கைச்சாமியின் பட்டறை. ஷேர் ஆட்டோக்கள் ஆளைத் திணித்துக்கொண்டு புகையைக் கக்கியபடி போகும். பக்கத்துக் கடை வெல்டர் சுருளி, வேலை இல்லாத நேரமெல்லாம் இங்கே வந்து உட்கார்ந்துகொள்வான். அன்றும் உட்கார்ந்திருந்தான். பீமாராவ் புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“மச்சான், பிரேக்கப் புடிச்சா கைக்குள்ள நண்டு ஊர்ற மாதிரி கரகரங்குது.”

“ஏபிஎஸ்ஸு மாப்ள அது. சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கக் கூடாதுன்னு வச்சிருக்கான். நீ புடிப்ப, அது விடும். மறுபடி புடிப்ப, மறுபடி விடும். பொண்டாட்டி மாதிரி.”

“ஒமக்கு விடுது. எங்க வீட்டுல புடிச்சா விடுறதே இல்ல” என்றான் சுருளி.

பீமாராவ் சிரிக்கவில்லை. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் உதவியாளன். எதையும் இரண்டு தடவை யோசிக்கிற ஆள். “வில்லாபுரம் பக்கம் குழிக்கு முன்னாடி புடிச்சேன் மச்சான். ஒரு நொடி வண்டி நம்ம பேச்சக் கேக்காத மாதிரி ஆயிருச்சு. பின்னாடி மீனா வேற உக்காந்திருந்துச்சு.”

மொக்கைச்சாமிக்கு அது போதுமாக இருந்தது. “கைப்பழக்கம் உள்ளவனுக்கு இது எதுக்கு மாப்ள? நானும் இருவத்திமூணு வருசமா ஓட்டுறேன். ஒருநா விழுந்தேனா? எம்புட்டு அமுக்கணும்னு வெரலு சொல்லும். இந்த ரோட்டப் பத்தி கம்ப்யூட்டருக்கு என்னா தெரியும்? நம்ம கார்ப்பரேசன்காரனுக்கே தெரியாது.”

இடுக்கியை எடுத்தான். ஒரு இழுப்பு. மஞ்சள் பியூஸ் கையில் இருந்தது. மீட்டரில் ஏபிஎஸ்ஸின் சின்ன விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. அதன் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டினான்.

“மூக்கணாங்கயித்த உருவியாச்சு” என்றான் சுருளி.

அந்தப் பக்கத்து இளவட்டங்கள் அப்படித்தான் சொல்வார்கள். பின்சக்கரத்தை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திக் காட்டுவதற்காகவே வந்து இதைப் பிடுங்கச் சொல்வார்கள். பிடுங்கிய பியூஸ்களை மொக்கைச்சாமி ஒரு தெர்மாகோல் அட்டையில் வரிசையாகக் குத்தி, பட்டறைச் சுவரில் மாட்டியிருந்தான். முப்பது முப்பத்தைந்து இருக்கும். அடக்கிய மாட்டின் கணக்கைச் சொல்வதுபோல வருகிறவர்களுக்குக் காட்டுவான். பீமாராவுடையது கடைசியாகக் குத்தியது. இன்றைக்குக் காலையில் அதை அட்டையிலிருந்து பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஜீப் சத்தம் கேட்டது.

மொக்கைச்சாமி எழுந்துவிட்டான். திருப்புளி பின்பாக்கெட்டுக்குப் போயிற்று. திருகாணி பாதியில் நின்றது.

பிரேக் இன்ஸ்பெக்டர் பவதாரிணிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. காக்கிச் சட்டை, கையில் பரீட்சை அட்டை. வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அவனைப் பார்த்தார்.

“யாரு இவரு?”

“வண்டிக்காரனுக்கு மச்சான்மா. அவனியாபுரத்துல மெக்கானிக்கு. ஆர்.சி. புக்கு எடுக்க வந்தாரு” என்று பால்பாண்டி விழுங்கி விழுங்கிச் சொன்னார்.

“விரல்ல ரத்தம் வருது?”

“தகடு கிழிச்சிருச்சும்மா.”

பவதாரிணி குத்துக்கால் வைத்து உட்கார்ந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவினார். பிரேக் தகட்டுக்குப் பக்கவாட்டில் செல்போன் வெளிச்சம் அடித்தார். லீவரை அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கினார். அவசரமே இல்லை. ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதினார். மொக்கைச்சாமி கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாதவன்போல இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றான். சட்டைப் பையில் பியூஸ் நெருப்புத்துண்டாகக் கனன்றது.

“மெக்கானிக்குன்னா நல்லதாப் போச்சு. இந்த மூடியக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க.”

“நானாம்மா?”

“பின்ன நானா? ஒங்ககிட்டதான திருப்புளி இருக்கு.”

அவன் குனிந்தான். தன் கையாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறார். திருகாணி இப்போது சனியன்போலச் சுலபமாகச் சுற்றியது. மூடி வந்தது. கறுப்புப் பெட்டியின் கொக்கியை நெம்பினான். கண்ணை மூடிக்கொண்டான்.

“எல்லாம் இருக்கு” என்றார் பவதாரிணி.

மொக்கைச்சாமி கண்ணைத் திறந்தான். காலியாக இருக்க வேண்டிய இடத்தில், கரி படாத புது மஞ்சள் பியூஸ் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

அவர் சாவியைப் போட்டுத் திருப்பினார். மீட்டரில் விளக்கு எரிந்தது. அதன் மேல் டேப் இல்லை. பால்பாண்டியை வண்டியை உருட்டச் சொன்னார். நெளிந்த முன்சக்கரம் கரகரவென்று முனகிக்கொண்டு பத்தடி ஓடியது. விளக்கு அணைந்தது.

“ஏபிஎஸ் வேலை செய்யுது. பிரேக்குல கோளாறு இல்ல.” எழுதிக்கொண்டே சொன்னார். “சிட்டிக்குள்ள இருந்து வர்ற நெறைய வண்டியில இந்த எடம் காலியாத்தான் கெடக்கும். எந்தப் புண்ணியவானோ புடுங்கி வச்சிருப்பான். நீங்க புடுங்குவீங்களா?”

மொக்கைச்சாமி கிழிந்த கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்தான். “கேட்டு வருவாங்கம்மா.”

“வருவாங்க. சயனைடு கேட்டு வந்தாலும் குடுப்பீங்களா?”

“அப்படியில்லம்மா. மண்ணு ரோட்டுல, தழையில எல்லாம் இது இருந்தா நிக்க நேரமாகுதுங்கிறாங்க. கைப்பழக்கம் உள்ளவன்...”

“நேரமாகும்தான். இது இருந்தா விழவே மாட்டோம்னு நான் சொல்லல. முன்சக்கரம் பூட்டாது. விழுகுற அன்னிக்கு அந்த ஒரு உதவிதான் இது செய்யும். பயந்துபோயி புடிக்கிறப்ப எவனுக்குங்க கைப்பழக்கம் வருது? எனக்கு வராது. ஒங்களுக்கு வருமா?” அட்டையை அக்குளில் செருகிக்கொண்டு எழுந்தார். “தங்கச்சி எப்படி இருக்காங்க?”

“கண்ணு முழிக்கலம்மா.”

அவர் தலையை அசைத்துவிட்டு ஜீப்புக்குப் போனார்.

மொக்கைச்சாமி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சுக்குள் எதுவோ கட்டறுத்துக்கொண்டு ஓடியது. என் கை இல்லை. என் கையால் இல்லை. தங்கை குழாயோடு கிடக்கும்போது இப்படி ஒரு நிம்மதி வருகிறதே என்று கூச்சமாகவும் இருந்தது. கூச்சத்தை மீறி நிம்மதி வந்துகொண்டேயிருந்தது.

“தம்பி, நீ அந்தப் புள்ளைக்கு அண்ணனா?”

திரும்பினான். ஐம்பது வயசு மதிக்கத்தக்க பெண். காதோரம் உளுந்துச் சருகு ஒட்டியிருந்தது. ரோட்டில் உளுந்து போட்டிருந்த ரெங்கம்மாள். கையெழுத்துப் போட வரச்சொல்லியிருந்தார்களாம். காலை ஏழு மணிக்கே வந்து சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறாள். மொக்கைச்சாமி நேற்றுவரை இந்தப் பெண்ணைப் பார்த்தால் என்ன செய்வோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது எதுவும் செய்யத் தோன்றவில்லை.

“ஆமா.”

“முழிச்சிருச்சா?”

“இல்ல.”

ரெங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம், “ஊருக்குள்ள பஸ்ஸு ஒரு மணிக்குத்தான் தம்பி. அந்தப் பக்கம் போனியன்னா என்னய எறக்கி விட்டுரு. எடத்தையும் பாத்துக்கிறலாம்” என்றாள்.

அவன் வண்டியின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டு, “பையப் போ தம்பி, பையப் போ” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வாய்க்கால் வறண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் நெல் அறுத்த தாள். அதற்கு நடுவே அங்கங்கே உளுந்து இன்னும் பிடுங்காமல் கருத்து நின்றது.

அந்த இடம் வந்தது. ரோடு வளைந்து நேராகிற இடம். இப்போதும் தார் மேல் செடி கிடந்தது. ரெங்கம்மாளின் புருஷன் காளை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கவைக்கம்பால் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டு நகர்ந்து நின்றான்.

“இன்னமும் ரோட்டுலதான் போடுறீக” என்றான் மொக்கைச்சாமி. குரலில் கோபம் இருக்க வேண்டும் என்று நினைத்தான். வரவில்லை.

“எங்க கொண்டுக்கிட்டுப் போயிப் போடச் சொல்ற தம்பி?” என்றாள் ரெங்கம்மாள். “களம் இருந்த எடத்துல சமுதாயக்கூடம் கட்டிட்டாக. அறுக்குற மிசினு நெல்லுன்னா வரும். எங்க அரை ஏக்கர் உளுந்துக்கு எவன் வாரான்? புடுங்கி வெயில்ல ரெண்டு நா விட்டா நெத்து வெடிச்சுச் சிதறிப்போகும். ரோட்டுல போட்டா போற வர்ற வண்டி மிதிச்சுக் குடுத்துட்டுப் போகுது. ஊரு பூராம் இப்பிடித்தான். தப்புன்னு தெரியும். தெரிஞ்சுதான் போடுறோம். பாவம் எங்க தலையிலதான்.”

“கல்லு எதுக்கு வச்சீங்க?”

“கல்லு வைக்கலைன்னா வண்டிக்காரக தழையில ஏறாம ஓரத்துல ஒதுங்கிப் போயிருவாக. மிதிபடாதுல்ல? இந்தா, இப்பக் கல்லு இல்ல. அன்னிக்கே இவரு தூக்கி வாய்க்காலுக்குள்ள எறிஞ்சுட்டாரு.”

காளை அப்போதுதான் வாய் திறந்தான். “அந்தப் புள்ளயத் தூக்குனது நாந்தான் தம்பி. ஆட்டோவுல என் மடியில வச்சுத்தான் கொண்டுபோனேன். பூப்போட்ட சீலை. வளையல் பூராம் ஒடஞ்சுபோச்சு.” அவ்வளவுதான். மறுபடி கம்பை எடுத்துக்கொண்டான்.

ரெங்கம்மாள் தூக்குவாளியைத் திறந்து கூழை ஊற்றி, மோர்மிளகாயோடு நீட்டினாள். மறுக்கப் போனவன் வாங்கிக்கொண்டான். மூன்று நாளுக்கு அப்புறம் தொண்டையில் எதுவோ இறங்கியது. இன்னொரு கிண்ணமும் குடித்தான். குடித்துக்கொண்டே மெக்கானிக் கண் ரோட்டை அளந்தது. தழைக்கு முன்னால் தார் சுத்தமாகக் கிடந்தது. டயர் தேய்ந்த கோடு எதுவுமில்லை. ஏபிஎஸ் இருந்தால் முன்சக்கரம் கோடு போடாதுதான். இந்த மாதிரி வண்டியில் பின்சக்கரத்துக்கு ஏபிஎஸ் கிடையாது. பின்சக்கரமாவது எங்கேயாவது தேய்த்திருக்க வேண்டுமே?

“வண்டி வந்தப்ப நீங்க எங்க நின்னீங்க?”

“இந்தா, இங்கதான். குனிஞ்சு புரட்டிக்கிட்டிருந்தேன். தலையத் தூக்குறேன், வண்டி நெருங்கிருச்சு. வந்த வேகத்துலயே வந்துச்சு, சத்தமே வரல தம்பி. எல்லாரும் கீச்சுனு நிறுத்துவாகளே, அப்பிடி ஒண்ணும் கேக்கல. அந்தப் புள்ளதான் என்னமோ கத்துச்சு. என்னயப் பாத்துட்டு அந்தத் தம்பி வண்டிய ஒடிச்சு ஒதுக்குனாரு. கல்லுல ஏறிருச்சு.” கும்பிட்டாள். “என் மேல ஏத்தியிருந்தா அந்தப் புள்ள தப்பிச்சிருக்கும்.”

“அப்படிச் சொல்லாதீங்க” என்றான் மொக்கைச்சாமி. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

மதுரைக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. பெரியாஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு வராந்தாவில், பாய் விரித்து, பிளாஸ்டிக் கூடைகளை அணைகட்டி, ஊர் ஊராகச் சனம் உட்கார்ந்திருந்தது. மொக்கைச்சாமியின் மனைவி சோணையம்மாள் தூணோரமாக இடம் பிடித்திருந்தாள்.

“ஆர்.சி. புக்கு எடுக்க வாடிப்பட்டிக்குப் போனீகளா, டில்லிக்குப் போனீகளா?”

“மீனா?”

“அப்படியேதான். டாக்டரம்மா வந்துச்சு. தலையில வீக்கம் கூடலயாம், கொறையவும் இல்லையாம். இன்னும் ரெண்டு நா போகட்டும்னுச்சு. நான் உள்ள போயி கையத் தொட்டேன். சூடு இருக்கு.” கொஞ்சம் நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். “நீங்க என்ன, பேயறைஞ்சவுக மாதிரி போயிட்டு, குளிச்சு முழுகுனவுக மாதிரி வந்திருக்கீக?”

அவன் பையிலிருந்து பியூஸை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். பிடுங்கியது, டேப் ஒட்டியது, இன்றைக்குக் காலையில் எதற்காகப் போனான் என்பது, எல்லாம். சோணையம்மாள் அந்தச் சின்ன மஞ்சள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுதானா மூணு நாளா ஒங்க முழிக்குள்ள கெடந்தது?”

“ம்.”

“எங்கிட்டக்கூடச் சொல்லல.”

“எப்படிச் சொல்லச் சொல்ற? நாந்தான் ஒன் நாத்தனாரக் கொன்னுட்டேன்னா?”

“வாயக் கழுவுங்க. அவ கொரங்குப் புடி புடிச்சவ, வந்துருவா.” கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “பீமாராவு காலையில இருந்து ஒரு இட்டிலியப் பிச்சுக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. போயித் திங்கச் சொல்லுங்க. நான் சொன்னாக் கேக்கல.”

வராந்தாவின் கோடியில், ஜன்னலுக்குக் கீழே பீமாராவ் உட்கார்ந்திருந்தான். வலது கை தூளியில் தொங்கியது. முத்துமீனாவின் செருப்பு இரண்டையும் பாலிதீன் பையில் போட்டு மடியில் வைத்திருந்தான்.

மொக்கைச்சாமி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். “பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்துட்டுப் போயிருச்சு மாப்ள. வண்டில கொறை ஒண்ணுமில்ல.”

பீமாராவ் தலையாட்டினான்.

“பியூஸு இருந்துச்சு.”

பீமாராவ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“யாரு மாட்டுனா?”

“மீனாதான் மச்சான். நீங்க புடுங்குன மறுநாளே.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அது வேலை பாக்குற ஜெராக்ஸ் கடையில எவனோ ஒரு பையன் பிரேக்கப் பத்தி புராஜெக்டு டைப் அடிக்கக் குடுத்திருக்கான். அதப் படிச்சுப்புட்டு வந்து ஒரே சண்டை. கடைக்குப் போயி புதுசு வாங்கி, செல்போன்ல வீடியோ பாத்து அதுவே சொருகிருச்சு. டேப்பையும் பிச்சுப் போட்டுருச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“சொல்ல வேணாம்னுச்சு. ‘எங்கண்ணன் கை வச்ச எடத்துல நான் கை வச்சேன்னு தெரிஞ்சா மூணு மாசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும்’னுச்சு.”

மொக்கைச்சாமி சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் உடைந்து வேறு சத்தமாக மாறியது. பக்கத்துப் பாயில் இருந்த யாரோ திரும்பிப் பார்த்தார்கள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பீமாராவ் இடது கையை அவன் முதுகில் வைத்தான்.

“அழாதீங்க மச்சான். ஒங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல.” அவசரம் அவசரமாகச் சொன்னான். தேவைக்கு மேல் அவசரம்.

மொக்கைச்சாமி துண்டை எடுத்தான். மூளைக்குள் ரோடு மறுபடி விரிந்தது. கோடில்லாத தார்.

“மாப்ள, ஒண்ணு கேக்குறேன். ஏபிஎஸ்ஸு வேல செஞ்சா லீவர்ல கரகரன்னு தெரியும். நீதான் சொன்ன, நண்டு ஊர்ற மாதிரின்னு. அன்னிக்குத் தழையில புடிச்சப்ப தெரிஞ்சுச்சா?”

“ஞாபகம் இல்ல மச்சான்.”

“அது மறக்காது. கையெல்லாம் ஏறும்.”

“பதட்டத்துல...”

“பின்சக்கரத்துக் கோடு ஒண்ணுகூட ரோட்டுல இல்ல. உளுந்து போட்டிருந்த அந்தம்மா சத்தமே கேக்கலங்குது. வண்டி வந்த வேகத்துலயே வந்துச்சுங்குது. நான் ரோட்டப் பாத்துட்டு வாரேன் மாப்ள. மெக்கானிக்கு கண்ணுக்குப் பொய் சொல்லாத.”

பீமாராவ் மடியில் இருந்த பாலிதீன் பையின் வாயை முறுக்கினான். அவிழ்த்தான். மறுபடி முறுக்கினான்.

“போலீசுல புடிச்சேன்னுதான் எழுதிக் குடுத்திருக்கேன். அது அப்படியே இருக்கட்டும் மச்சான். நீங்க கேக்காதீங்க.”

“ஏன்? எனக்குத் தெரியக் கூடாதா? அவ எனக்குத் தங்கச்சி இல்லையா?”

“ஒங்களுக்குத்தான் தெரியக் கூடாது.”

உள்ளேயிருந்து நர்ஸ் யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிட்டாள். வராந்தாவே நிமிர்ந்து பார்த்தது. முத்துமீனா இல்லை. எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

“சொல்லு மாப்ள. என் மேல சத்தியமா நான் உன்னயத் திட்ட மாட்டேன். அடிக்க மாட்டேன். பயந்துட்டியா? கண்ணு அசந்துட்டியா? என்னன்னு சொல்லு.”

பீமாராவ் முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தான்.

“தழை கெடக்குறது வளைவு திரும்புனதுமே தெரிஞ்சிருச்சு மச்சான். ஒரு கரண்டு கம்பத்துக்கும் அடுத்த கரண்டு கம்பத்துக்கும் உள்ள தூரம் இருந்துச்சு. தாராளமா நிறுத்தியிருக்கலாம். கை லீவர் மேலதான் இருந்துச்சு. மீனா பின்னாடி இருந்து சட்டையப் புடிச்சு இழுத்து, ‘பிரேக்கப் புடிங்க, புடிங்க’ன்னு கத்துச்சு. அந்தம்மா தலையத் தூக்குனப்பகூடப் புடிச்சிருக்கலாம். நான் அமுக்கவே இல்ல.”

“ஏன்டா?”

“பொங்கலுக்கு மறுநா ஒங்க பட்டறையில நின்னப்ப நீங்க சொன்னீங்க. என்னயப் பாத்துக்கூடச் சொல்லல, ஸ்பேனரத் தொடச்சுக்கிட்டே சொன்னீங்க. ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது. ‘ரோட்டுல தழை கெடந்தா பிரேக்க மட்டும் தொட்டுறாத மாப்ள, தொட்டா விழுந்த, வந்த வேகத்துலயே விட்டு ஓட்டிரு’ன்னு. அதான் மச்சான், தொடல.”